உப்புக் கணக்கு

முதியோர் இருக்கும் தமிழ் வீடுகளில் "உப்பு இறங்கிவிட்டது" என்ற தொடர் இன்று புதிதன்று. நேற்றுவரை பேரப்பிள்ளைகளைப் பிழையின்றிப் பெயர் சொல்லி அழைத்தவர் திடீரென ஆள் மாற்றிப் பேசுகிறார், நடக்கையில் தள்ளாடுகிறார், பகலெல்லாம் உறங்குகிறார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சோடியம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று நாட்களில் அவர் தெளிந்து எழுந்து காப்பி கேட்கிறார். இனிமேல் சமையலில் உப்பைச் சற்றுக் கூட்டிப் போட வேண்டும் என்று வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் கதை இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் முடியவில்லை. எங்கள் அன்னைக்கு 2012க்கும் 2014க்கும் இடையே மூன்று முறை உப்பு இறங்கியது. முதல் இரண்டு முறையும் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஒரு மருத்துவர், ஏன் இறங்குகிறது என்று கேட்டார். அதற்கான விடை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த பிள்ளைப்பேற்றில் இருந்தது. அவ்விடையை நோக்கி மருத்துவம் எவ்வாறு படிப்படியாக நடந்து சென்றது என்பதை, அருகிலிருந்து கண்ட பிள்ளைகள் என்ற முறையில் இங்கே எழுதிவைக்க விரும்புகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். மூவர், மூத்தவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அடுத்தவர் வங்கியில் பணியாற்றியவர், இளையவள் நூலகர். அன்னையின் கோப்பில் சேர்ந்த காகிதங்களின் பொருள் விளங்க வேண்டும் என்பதற்காக நூல்களைத் தேடிப் படித்தவர்கள், அவ்வளவே.

முதலில், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். சீரம் எனப்படும் ரத்தத்தின் தெளிநீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருப்பது இயல்பு. சாப்பாட்டு உப்பின் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். டிரிப்ஸ் பாட்டிலில் வரும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. 135க்குக் கீழே இறங்கினால் குறைவு. 125க்குக் கீழே இறங்கினால் கடுமையான குறைவு.

இந்த எண் ஒரு விகிதம். மேலே உப்பு, கீழே நீர். ரசம் சப்பென்று இருந்தால் நாக்கு நமக்குச் சொல்வது உப்புக் குறைகிறது என்ற ஒரு செய்தியை மட்டுமே. உப்பைக் குறைத்துப் போட்டார்களா, பரிமாறுமுன் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றி விளாவினார்களா என்பதை நாக்கு அறியாது. சமைத்தவரிடம் கேட்க வேண்டும். உடம்பில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது வகையே. சோடியம் குறைந்தவர்களில் மிகப் பலருக்கு உடம்பிலுள்ள மொத்த உப்பு குறைந்திருப்பதில்லை. நீர் மிகுந்திருக்கிறது, அல்லது வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமல் நிற்கிறது. ஐசிடோர் எடல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காக்கித் தந்தது. உடம்பில் மாற்றத்துக்குட்படும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, மொத்த நீரால் வகுத்தால் வருவதுதான் நாம் ரத்தத்தில் காணும் எண்ணுக்கு அடிப்படை என்று அவர்கள் காட்டினார்கள்.

நீர் மிகுந்தால் அது எல்லா உயிரணுக்களுக்குள்ளும் புகுகிறது. தசை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டையோடு இடம் கொடாது. ஆகவேதான் உப்பு இறங்கியவருக்கு முதலில் புத்தி தடுமாறுகிறது. மிக இறங்கினால் வலிப்பும் நினைவிழப்பும் வருகின்றன. அன்னை இரண்டாம் முறை மருத்துவமனைக்குச் சென்றபோது எங்களில் மூத்தவரைத் தம் தந்தையின் பெயரால் அழைத்து, வயலுக்குத் தண்ணீர் திறந்தாயிற்றா என்று கேட்டார். அப்போது அவருடைய எண் 118. முதுமை மறதி தொடங்கிவிட்டது என்று உறவினர்கள் பேசினார்கள். எண் 130க்கு ஏறியதும் அந்த மறதி இருந்த இடம் தெரியவில்லை.

நிற்க. இந்த எண்ணை எளிதில் அறிய முடிந்ததே அண்மைக் காலத்தில்தான். சோடியத்தைத் தனிமமாக ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்தது 1807இல். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அறிவது, மணிக்கணக்கில் வேதிப்பொருட்களோடு போராடும் வேலையாகவே நெடுங்காலம் இருந்தது. 1940களில், கரைசலைச் சுடரில் தெளித்து அது எரியும் நிறத்தின் செறிவை அளக்கும் கருவி ஆய்வகங்களுக்கு வந்தது. சமையலறை அடுப்பில் உப்புநீர் தெறித்தால் சுடர் மஞ்சளாகிறதே, அந்த மஞ்சளைத்தான் அது அளந்தது. இன்று மின்முனைகள் சில நிமிடங்களில் எண்ணைச் சொல்லிவிடுகின்றன. எண் எளிதாகக் கிடைப்பதால் அதையே நோய் என்று எண்ணிக்கொள்வதும் எளிதாகிவிட்டது. மருந்து அதிகாரத்தில் நோய் இன்னதென்று ஆராய்வதையும், அந்நோயின் மூலத்தை ஆராய்வதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துச் சொல்கிறார் வள்ளுவர். 948ஆம் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம் எல்லோரும். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை எங்களுக்கு அன்னையின் மருத்துவமனைக் கட்டிலே கற்பித்தது.

மூலத்தை ஆராய்வது ஏன் இவ்வளவு இன்றியமையாதது? ஒரே எண்ணுக்கு நேர் எதிரான மருத்துவங்கள் உண்டு என்பதே காரணம். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடம்பு வற்றி உப்பு இறங்கியவருக்குச் சலைன் உயிர் கொடுக்கும். இதயம் தளர்ந்து கால் வீங்கி உப்பு இறங்கியவருக்கு அதே சலைன் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். சிறுநீரகம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வேறொரு வகையில், சலைனிலுள்ள உப்பு சிறுநீரில் போய்விட நீர் மட்டும் உடம்பில் தங்கி, எண் மேலும் இறங்குவதும் உண்டு. அவருக்குக் குடிநீரைக் குறைப்பதே மருந்து. வற்றிய உடம்புக்காரருக்குக் குடிநீரைக் குறைத்தாலோ தீங்கு. நான்கு கட்டில்களில் நான்கு பேருக்கும் எண் 118 என்றே இருக்கலாம். நால்வருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

மூன்றாம் முறை, 2014 ஆடி மாதத்தில், காய்ச்சலும் வாந்தியுமாக அன்னையைக் கொண்டுசென்றபோது எண் 116. அங்கே மூத்த மருத்துவராக ஓர் அம்மையார் இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுபவர். பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிரிப்ஸ் தொடங்குமுன் சிறுநீர் மாதிரி எடுத்துவிடுங்கள் என்றுதான் அவர் முதலில் சொன்னார். ரத்தத்தில் உள்ள குறைக்குச் சிறுநீரை ஏன் கேட்கிறார் என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது. பின்னர் படித்தபோதுதான் விளங்கிற்று. எங்கள் ரசக் கணக்கில் சமைத்தவர் சிறுநீரகம். அவரிடம் கேட்பது என்பது சிறுநீரைப் பார்ப்பதே.

ஆராய்ச்சி மூன்று கேள்விகளாக நடக்கிறது. முதற்கேள்வி, இந்தக் குறைவு மெய்யானதா என்பது. ரத்தத்தில் கொழுப்போ புரதமோ மிக மிகுந்திருந்தால் சில கருவிகள் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். சர்க்கரை மிக ஏறியிருந்தால் அது உயிரணுக்களிலிருந்து நீரை இழுத்து ரத்தத்தில் சேர்ப்பதால் சோடியம் நீர்த்துப்போகும். சர்க்கரை ஒவ்வொரு 100 மில்லிகிராம் ஏறும்போதும் சோடியம் ஏறத்தாழ 1.6 முதல் 2.4 வரை இறங்கும் என்பது கணக்கு. அங்கே சரிசெய்ய வேண்டியது சர்க்கரையை. இவற்றை அறிய ஆஸ்மோலாலிட்டி என்னும் சோதனை இருக்கிறது. நீரில் கரைந்துள்ள துகள்களின் மொத்தச் செறிவை அது சொல்லும். ரத்தத்தில் அது 275 முதல் 295 வரை இருக்க வேண்டும். அன்னைக்கு 240. சர்க்கரையோ 68தான். ஆகவே குறைவு மெய்யானது.

இரண்டாம் கேள்வி, சிறுநீரகம் மிகுதி நீரை வெளியேற்ற முயல்கிறதா என்பது. நீர் மிகுந்த உடம்பில் ஒழுங்காக வேலை செய்யும் சிறுநீரகம் ஏறக்குறைய வெறும் நீரையே வெளியே தள்ளும்; சிறுநீரின் செறிவு 100க்குக் கீழே இருக்கும். அப்படி இருந்தால் சிறுநீரகத்தின் மீது குற்றமில்லை. அதன் ஆற்றலை மீறி நீர் உள்ளே வந்திருக்கிறது. மனநோயின் காரணமாக ஓயாமல் நீர் குடிப்போர் உண்டு. உணவு வெகுவாகச் சுருங்கி, கஞ்சியும் காப்பியுமாகவே காலம் தள்ளும் முதியோரும் இதில் அடங்குவர். நீரைச் சுமந்து செல்ல உப்பும் புரதக் கழிவும் போதாமையால் அவர்களுடைய சிறுநீரகத்தால் போதிய நீரைக் கழிக்க முடிவதில்லை.

நீர் மிகுதியாகக் குடிப்பது நோயாளிகளுக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணிவிடலாகாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தம் ஓட்டத்தின் முடிவில் சோதிக்கப்பட்டது. 2005இல் வெளியான முடிவுகளின்படி அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. வியர்வையில் உப்பு போனது என்பதைவிட, வழியெல்லாம் மிகுதியாகக் குடித்து எடை கூடியதே அதனோடு அழுத்தமாகத் தொடர்புபட்டிருந்தது. தாகத்தை மீறிக் குடித்தது நல்ல உடற்கட்டு உடையவர்களையும் வீழ்த்தியது.

அன்னையின் சிறுநீர்ச் செறிவு 410. உடம்பு நீரில் மூழ்கிக்கொண்டிருக்க, சிறுநீரகம் சொட்டு நீரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவ்வாறு ஆணையிடுவது வாசோப்ரஸின் என்னும் ஹார்மோன். மூளையில் தோன்றி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, நீர் குறைந்த காலத்தில் வெளிப்பட வேண்டியது அது. நீர் மிகுந்த காலத்தில் ஏன் வெளிப்படுகிறது?

மூன்றாம் கேள்வி, சிறுநீரில் சோடியம் எவ்வளவு போகிறது என்பது. உடம்பு வற்றியிருந்தாலும், இதயமோ ஈரலோ தளர்ந்து ரத்த ஓட்டம் குன்றியிருந்தாலும், சிறுநீரகம் கருமியாகி உப்பைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரில் லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் கீழேதான் சோடியம் இருக்கும். அன்னைக்கு 62. நாவு வறளவில்லை, காலில் வீக்கமில்லை. வாந்தியே காரணம் என்ற எளிய விளக்கம் இவ்விடத்தில் விழுந்தது.

எஞ்சியவை சில. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் தயாசைடு வகை நீர் மாத்திரைகள். வயது முதிர்ந்த பெண்களிடம் உப்பு இறங்குவதற்கு இவை மிகப் பொதுவான காரணம். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள். அடுத்து, 1957இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் விவரித்த நிலை. நுரையீரல் புற்றுநோய் கொண்ட இரு நோயாளிகளிடம், வேண்டாத காலத்தில் வாசோப்ரஸின் சுரப்பதாக அவர்கள் ஊகித்தார்கள். ஊகம் பின்னர் உறுதியாயிற்று. காசநோய், நிமோனியா, மூளை நோய்கள் ஆகியவற்றாலும் இது வரும். இறுதியாகத் தைராய்டுக் குறைவும் கார்ட்டிசால் குறைவும். இவ்விரண்டும் இல்லை என்று உறுதி செய்யாமல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் விவரித்த நோய் என்று முடிவு கட்டலாகாது என்பது விதி.

மருத்துவர் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், சித்த மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பையில் குற்றவாளி இல்லை. அன்னைக்கு ரத்த அழுத்த மாத்திரையே கிடையாது; அவருடைய அழுத்தம் எப்போதும் தாழ்ந்தே இருந்தது. மார்பின் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. தைராய்டு ஏற்கெனவே பார்த்தாயிற்று, டி.எஸ்.எச். இயல்பு என்று கோப்பிலிருந்து காட்டினோம். அது மட்டும் போதாது என்றார் அவர். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் ஏவல். தைராய்டு தளர்ந்தால் ஏவல் உரத்துப் போகும், எண் ஏறும். பிட்யூட்டரியே தளர்ந்துவிட்டால் ஏவல் உரக்காது; தாளில் எண் இயல்பாகவே தோன்றும். காவற்காரன் உறங்கிவிட்ட ஊரில் களவு போனதாகச் செய்தி வராது.

பிறகு எங்களில் ஆண்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே நடந்ததை இளையவள் சொல்லியே நாங்கள் அறிவோம். அன்னையின் அக்குளையும் புருவத்தையும் வாயோரத்து மெல்லிய சுருக்கங்களையும் அவர் பார்த்தார். கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, "கடைசிப் பிள்ளைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் அம்மா?" என்று கேட்டார்.

"பால் சுரக்கவே இல்லை. அக்காதான் கொடுத்தாள்" என்றார் அன்னை.

"அந்தப் பேறுகாலத்தில் ரத்தம் நிறையப் போயிற்றா?"

"பிழைக்க மாட்டேன் என்றார்கள்."

"அதற்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா?"

அன்னை நெடுநேரம் பேசவில்லையாம். பின்பு, இல்லை என்று தலையசைத்தார். அப்போது அவருக்கு வயது 28.

பால் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1974இல் இளையவள் பிறந்தபோது நஞ்சுக்கொடி விழவில்லை. மருத்துவச்சி கை விரித்துவிட்டாள். விடியற்காலையில் வாடகைக் கார் பிடித்து நகரத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அன்னை பிழைத்தார், பால் வரவில்லை. ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்த பெரியம்மா இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தார். திருமணங்களிலும் திதிகளிலும் உறவினர் கூடும்போதெல்லாம் இது பெரியம்மாவின் பெருமையாகவே சொல்லப்பட்டது. கேட்பவர் கண் கலங்குவர். பெரியம்மா வெட்கத்துடன் எழுந்து உள்ளே சென்றுவிடுவார். அதே கதையை ஒரு நோயின் குறிப்பேடாகவும் வாசிக்கலாம் என்பது, அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்ட அன்றுதான் வெளிப்பட்டது. மாதவிலக்கு நின்றதை அன்னை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்று பிள்ளைகள் ஆயிற்று, தொல்லை விட்டது என்று இருந்துவிட்டதாக இளையவளிடம் சொன்னார்.

1937இல் ஹெரால்டு ஷீஹன் என்ற பிரித்தானிய நோய்க்குறியியல் அறிஞர் இதை விவரித்தார். அவர் அப்போது கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர். பிள்ளைப்பேற்றில் ரத்தப்போக்கால் இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்தவர். பிட்யூட்டரி அரை கிராம் எடைகொண்ட, பட்டாணி அளவுள்ள சுரப்பி. கருவுற்ற காலத்தில் அது பெருக்கிறது. பெருத்த சுரப்பிக்கு ரத்தம் மிகுதியாக வேண்டும். அவ்வேளையில் உடம்பிலிருந்து ரத்தம் பெருகிப் போய் அழுத்தம் வீழ்ந்தால், சுரப்பியின் முன்பகுதி ரத்தமின்றி மடிகிறது. பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் போகிறது. சூலகத்தை இயக்குவது போகிறது. தைராய்டை ஏவுவதும் அட்ரீனலை ஏவுவதும் மெல்ல மெல்லத் தளர்கின்றன. ஓரளவு சுரப்பி எஞ்சியிருப்பதால் பெண் பல்லாண்டுகள் வாழ்ந்துவிடுகிறாள். குளிர் தாங்காதவள், சோம்பல் மிக்கவள், பேச்சு மெலிந்தவள் என்று பெயர் பெறுகிறாள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து உடம்பு மிகுதியான கார்ட்டிசாலைக் கேட்கும்போது கொடுக்க இயலாமல் சரிகிறாள். கார்ட்டிசால்தான் வாசோப்ரஸினை அடக்கி வைப்பது. அது குறைந்தால் வாசோப்ரஸின் கட்டவிழ்ந்து நீரைத் தேக்குகிறது, உப்பு இறங்குகிறது. அன்னைக்கு மூன்று முறையும் முன்னே காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ வந்திருந்ததற்கு இதுவே பொருள்.

பொட்டாசியமும் இதற்குச் சான்று சொன்னது. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த நோயில் அட்ரீனல் சுரப்பியே அழிவதால் பொட்டாசியம் ஏறும், தோல் கறுக்கும். பிட்யூட்டரி கெட்டால் அட்ரீனலின் உப்புக் காக்கும் பகுதி வேறு ஏவலால் இயங்கிக்கொண்டிருக்கும். பொட்டாசியம் இயல்பாக இருக்கும், தோல் வெளுக்கும். அன்னைக்கு 4.1. வெளுத்த முகத்தை நாங்கள் ரத்தசோகை என்றே கேட்டுப் பழகியிருந்தோம்.

மறுநாள் முடிவுகள் வந்தன. காலை எட்டு மணிக் கார்ட்டிசால் 2.1; காலை வேளையில் 3க்குக் கீழே இருந்தாலே குறைவு ஏறத்தாழ உறுதி, அதிலும் நோயுற்ற உடம்பில் அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். தைராய்டு ஹார்மோன் இயல்பில் பாதி. எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய எலும்புக் குழி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அக்குழிக்குத் துருக்கிச் சேணம் என்பது உடற்கூற்று நூல்கள் இட்ட பெயர். ஆள் இறங்கிப்போன சேணம்.

மருந்து தொடங்கியதும் புதிய கவலை ஒன்று பிறந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்ட சில மணி நேரத்தில், தேங்கிய நீரெல்லாம் மடை திறந்தாற்போல் சிறுநீராக வெளியேறத் தொடங்கியது. நெடுநாள் தாழ்ந்திருந்த சோடியம் விரைந்து ஏறினால், மூளைத் தண்டில் நரம்புகளின் உறை சிதைந்து கை கால் முடங்கவும் பேச்சு போகவும் கூடும். இந்நோய் 1959இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. விரைந்த ஏற்றமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஏறலாகாது என்ற வரம்பை வைத்துக்கொண்டு, சில மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; ஏற்றம் விரைந்தபோது உப்பில்லாத டிரிப்ஸைக் கொடுத்து அடக்கினார்கள். உப்பு இறங்கியவருக்கு உப்பற்ற நீரை ஏற்றிய அந்த இரவு, இக்கணக்கின் நுட்பத்தை எங்களுக்கு நன்கு உணர்த்தியது. மறுநாள் காலையில் எண் 124. தைராய்டு மாத்திரையைச் சில நாட்கள் கழித்தே தொடங்கினார்கள். கார்ட்டிசால் இல்லாத உடம்பில் தைராய்டு மருந்தை முதலில் கொடுத்தால், இருக்கும் சிறிது கார்ட்டிசாலும் விரைந்து செலவாகி உயிருக்கே ஆபத்தாகும்.

சோடியம் ஏறுவதைப் பற்றியும் ஒரு சொல். 145ஐத் தாண்டினால் பெரும்பாலும் நீர் போதவில்லை என்றே பொருள். தாகம் மங்கிய முதியோர், கேட்டு வாங்கிக் குடிக்க இயலாமல் படுத்திருப்போர், தாய்ப்பால் போதாத பச்சிளங்குழந்தைகள் ஆகியோரிடம் இதைக் காணலாம். வாசோப்ரஸின் சுரக்காமையாலோ, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காமையாலோ குடம் குடமாகச் சிறுநீர் போகும் நோயும் உண்டு. சர்க்கரை நோயோடு குழப்பம் நேரக் கூடாதென்று அதன் பழைய பெயரான டயபடீஸ் இன்சிபிடஸை மாற்ற 2022இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: நீர் எங்கே போயிற்று?

இப்பெயர்களெல்லாம் அயல்நாட்டவை ஆயினும் நோய் நம் நாட்டில் அரியதன்று. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று, பிள்ளை பெற்ற, 20 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. நோய் கண்டவர்களில் பெரும்பான்மையோர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள். மருத்துவமனைப் பேறு பெருகிவிட்ட தமிழ்நாட்டில் புதிய நோயாளிகள் குறைவாக இருக்கலாம். ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வீட்டில் பிள்ளை பெற்று, ரத்தம் பெருகிப் பிழைத்த தாய்மார்கள் இன்று எழுபதும் எண்பதும் வயதானவர்களாக நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இப்போது உப்பு இறங்குகிறது.

அன்னை இன்று எண்பதை நெருங்குகிறார். காலையில் 10 மில்லிகிராம், மாலையில் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன். தைராய்டு மாத்திரை ஒன்று. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். இதை எழுதிய அட்டை அவருடைய சுருக்குப் பையில் வெற்றிலையோடு இருக்கிறது. 2014க்குப் பின் உப்பு இறங்கவில்லை. சித்திரை மாதத்திலும் போர்த்திக்கொண்டிருந்தவர் போர்வையை மடித்து வைத்தார். தெருவிலிருந்து கூப்பிட்டால் கொல்லையில் கேட்கும் குரல் அவருக்கு இருந்ததாகப் பெரியம்மா சொல்வதுண்டு. எங்களில் இளையவள் அக்குரலைத் தன் நாற்பதாம் வயதில்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று மாலை அவள் அன்னையின் அருகில் அமர்ந்து, "நான் பிறந்ததால் வந்ததா அம்மா?" என்று கேட்டாள். அன்னை அதற்கு உடனே விடை சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை விலை அதிகமா என்று கேட்டார். அதிகமில்லை என்றாள். "பிறகென்ன, கொடி விழாததற்கு நீ என்ன செய்வாய்? அன்றைக்கு நீ என்னைவிட நன்றாக மூச்சு விட்டாய்" என்றார். நாற்பது ஆண்டுகளில் அந்த இரவைப் பற்றி அவர் தம் வாயால் பேசி நாங்கள் கேட்டது அதுவே முதன்முறை.

வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது சிறிது. வீட்டில் ஒருவருக்கு உப்பு இறங்கினால் அவசர மருத்துவம் நடக்கட்டும். எண் ஏறிய பிறகு, ஏன் இறங்கிற்று என்று ஒருமுறை கேளுங்கள். சிறுநீரில் பார்த்தீர்களா, மாத்திரைகளைப் பார்த்தீர்களா, கார்ட்டிசால் பார்க்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. இன்னொன்று, மருத்துவக் கோப்புகளில் தாய்மாரின் பேறுகால வரலாறு இருப்பதில்லை. அவர்கள் தாமாகச் சொல்வதும் இல்லை. அன்னையின் கோப்பைப் புதிதாக ஒழுங்குபடுத்தியபோது இளையவள் முதல் தாளின் மேலே தன் கையெழுத்தில் மூன்று வரிகள் எழுதினாள்: 1974, மூன்றாம் பேறு, மிகுந்த ரத்தப்போக்கு. பால் சுரக்கவில்லை. மாதவிலக்கு திரும்பவில்லை.